சொல்லில்லாப் புத்தகமும் சத்தமில்லா வீச்சும்

(நூற்றாண்டு விழாக் கலை நிகழ்வில் 1978ஆம் ஆண்டு உயர்தர வகுப்புப் பழைய மாணவிகள் நால்வர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



எங்களுக்குத் தந்த தலைப்பு 'கலையும் கல்வியும்'. இதே தலைப்பில் இதே மண்டபத்தில் நாங்கள் மாணவிகளாக இருந்த காலத்தில் மூன்று உரைகளாவது கேட்டிருக்கிறோம். மூன்றிலும் நித்திரை கொண்டிருக்கிறோம். ஆகவே தலைவியின் அனுமதியுடன் தலைப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒரு மனிதரைப் பற்றியும் அவருடைய ஒரு புத்தகத்தைப் பற்றியும் பேசப்போகிறோம். அவர் சித்திரக்கதை போடுபவர். ட்ரம்ஸ் அடிப்பவரும்கூட. திருகோணமலைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவரை நாங்கள் நேரில் கண்டதும் இல்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் எங்களில் ஒருத்தி கண் வைத்தியத்துக்குச் சென்னைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கண்ணாடியோடு ஒரு புத்தகமும் கொண்டு வந்தாள். அட்டையில் 'லெஜண்ட்ஸ் ஒஃப் ஹலாஹலா' என்று ஆங்கிலத்தில் இருந்தது. உள்ளே திறந்தால் முழுக்கப் படம். ஐந்து கதைகள். ஐந்திலும் ஏதோ ஒரு விதத்தில் காதல், அன்பு, அதன் பைத்தியம். கதைமாந்தர் ஒருவரும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. கண் சுகமில்லாதவளுக்கு வாசிக்கத் தேவையில்லாத புத்தகம் கிடைத்ததே என்று நாங்கள் பகிடி பண்ணினோம்.

2013இல் ஹார்ப்பர்கொலின்ஸ் வெளியிட்ட அந்தப் புத்தகத்தைப் போட்டவர் பெயர் அப்புப்பன். சொந்தப் பெயர் ஜோர்ஜ் மாத்தன். மலையாளி, பெங்களூரில் வளர்ந்த கலைஞர் கூட்டத்தோடு சேர்ந்தவர். மலையாளத்தில் தாத்தாவைச் சொல்லும் சொல்லையே புனைபெயராக்கிக்கொண்டார். அவர் படைத்த உலகத்தின் பெயர் ஹலாஹலா. கோணேசர் மலையடியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாற்கடலைக் கடைந்தபோது எழுந்த ஆலகால நஞ்சு அது. பெருமான் எடுத்து விழுங்க, அம்மை கையால் பிடிக்க, கண்டத்தில் நின்றது. அந்த நஞ்சின் பெயரை ஒருவர் தன் உலகத்துக்கு வைக்கிறார் என்றால் அங்கே மாவிலைத் தோரணம் கட்டியிருக்காது என்று விளங்கும்தானே. பேராசை பிடித்த நகரங்கள், கடவுளாக வேடம் கட்டுபவர்கள், விளம்பரம், இயந்திரம், இவற்றுக்கு நடுவில் நசுங்கும் சின்ன உயிர்கள். அதுதான் ஹலாஹலா.

அந்த உலகத்தின் முதற் புத்தகம் 'மூன்வார்ட்', 2009. வெளியிட்டது சென்னையிலுள்ள ப்ளாஃப்ட் என்ற சிறு பதிப்பகம். 2008இல் தமிழ் வெகுஜனக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்துப் போட்டார்களே, ராஜேஷ்குமார், சுபா, ரமணிசந்திரன் எல்லோரையும் சேர்த்து, அதே பதிப்பகம். ரமணிசந்திரனை மேசைக்குக் கீழே வைத்து வாசித்தவர்கள் தயவுசெய்து இப்போது கையுயர்த்த வேண்டாம், அதிபர் இருக்கிறார்.

இனி மேளத்துக்கு வருவோம். பெங்களூரில் 'லவுஞ்ச் பிரானா' என்றொரு ரொக் இசைக்குழு இருந்தது. அதில் ட்ரம்ஸ் அடித்தவர் இந்த அப்புப்பன்தான். அவர்களுடைய 'கோயிங் நோவேர்' இசைத்தட்டு 2008இல் வந்தது. அதாவது முதற் புத்தகத்துக்கு முன்பே மேளம் இருந்திருக்கிறது. இதை அறிந்தபோது எங்களுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. இது எங்கள் கணிப்பு, அவர் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாங்கள் நால்வரும் சங்கீத அறையில் ஆதி தாளம் போட்டுப் பழகியவர்கள். எட்டு அட்சரம். ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. அந்த வீச்சில் சத்தம் இல்லை. கை வெறும் காற்றில் திரும்புகிறது. ஆனால் அதை விட்டால் பாட்டே கவிழும். எங்கள் ரீச்சர் அடிமட்டத்தோடு பார்த்துக்கொண்டு நிற்பது அந்தச் சத்தமில்லாத இடத்தைத்தான். இப்போது ஒரு சித்திரக்கதைப் பக்கத்தைப் பாருங்கள். ஒரு கட்டம், பிறகு ஒரு வெள்ளைக் கோடு, பிறகு அடுத்த கட்டம். முதற் கட்டத்தில் கல்லை ஓங்கிய கை, அடுத்ததில் உடைந்த ஜன்னல். கல் பறந்ததை ஒருவரும் வரையவில்லை. அந்த வெள்ளைக் கோட்டில் அதை எறிந்தது வாசிக்கிற நீங்கள்தான். அந்தக் கோடுதான் வீச்சு. ஒடுக்கமான கட்டங்களை நெருக்கி வைத்தால் துரித காலம். பக்கம் முழுவதையும் ஒரே படமாக விட்டால் விளம்ப காலம். சொல்லும் இல்லாத புத்தகத்தில் தாளம் பிழைத்தால் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லை. மேளக்காரர் ஒருவர் அப்படிப்பட்ட புத்தகத்துக்குத் துணிந்தது எங்களுக்கு ஆச்சரியமாகப் படவில்லை.

படமும் பாட்டும் ஒரே ஆளிடம் கூடுவது புதிதும் அல்ல. அமெரிக்காவின் ரொபர்ட் கிரம்ப் பழைய 78 சுழற்சி இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர், பான்ஜோ வாசித்தவர், நண்பர்களோடு 'சீப் சூட் செரனேடர்ஸ்' என்று குழுவும் வைத்திருந்தார். 1968இல் ஜானிஸ் ஜொப்ளின் பாடிய 'சீப் த்ரில்ஸ்' இசைத்தட்டின் உறையைக் கொமிக்ஸ் கட்டங்களாகவே வரைந்தார். அவருடைய புத்தகங்களைப் பாடசாலை நூலகத்துக்கு நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம்.

சிபாரிசு செய்யக்கூடியவர் மார்ஜான் சத்ராபி. ஈரானில் வளர்ந்த பெண். தன் பிள்ளைப் பருவத்தைப் 'பெர்செபோலிஸ்' என்று கறுப்பு வெள்ளைச் சித்திரக்கதையாகப் போட்டார். முதற் பாகம் 2000இல் பிரான்சில் வந்தது. நாட்டில் யுத்தம், மேற்கத்திய பாட்டுக்குத் தடை. தாயும் தகப்பனும் துருக்கிக்குப் போய்வரும்போது மகள் கேட்ட பாடகர் படங்களைத் தகப்பனின் மேலங்கிக்குள் வைத்துத் தைத்துக் கொண்டுவருகிறார்கள். அந்தப் பிள்ளை தெருவில் ஒளித்து விற்கும் கிம் வைல்ட் ஒலிநாடாவை வாங்கப் போய், காவல் பெண்களிடம் பிடிபட்டு, அழுது பொய் சொல்லித் தப்பி, வீட்டுக்கு வந்து பாட்டைப் போட்டு ஆடுகிறாள். அந்த இடத்துக்கு வந்தபோது நாங்கள் நால்வரும் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். காரணம் சொல்கிறோம்.

எங்கள் காலத்தில் தமிழில் சிரித்திரன் வந்தது. கரவெட்டியில் பிறந்த சுந்தர், அதாவது சிவஞானசுந்தரம், தானே நடத்தி, தானே வரைந்த சஞ்சிகை. சவாரித் தம்பரையும் மிஸ்ஸிஸ் டாமோடிரனையும் தெரியாத வீடு இல்லை. ஒருவர் தன் சொந்தக் கையால், ஒருவருக்கும் கைகட்டாமல், ஒரு சமூகத்தையே சிரிக்கவைக்கலாம் என்று நாங்கள் முதன்முதலாகக் கண்டது அவரிடம். 1996இல் அவர் காலமாகும்வரை எங்களுக்குச் சித்திரக்காரர் என்றால் சுந்தர்தான். வானொலியைத் திருகினால் பொப்பிசை. நித்தி கனகரத்தினம், மனோகரன், பிறகு எங்கள் ஊர்ப் பரமேஸ், கோணேஸ் சகோதரர்கள். நம்மூர் ஆட்களின் குரல் ரேடியோவில் வருகிறது என்றால் எங்களுக்கு இருந்த பெருமையை இப்போது சொல்லி விளங்கவைக்க முடியாது.

இந்த இரண்டையும் கலந்து நாங்கள் ஒரு சஞ்சிகை செய்தோம். கையெழுத்துச் சஞ்சிகை, ஒரே ஒரு பிரதி. சித்திரக் கொப்பியின் தாளை இரண்டாக மடித்துத் தைத்தது. வகுப்பில் சுற்றிவிட்டு வெள்ளிக்கிழமை திரும்பிவர வேண்டும். ஒரு தொடர் சித்திரக்கதை போட்டோம். கதாநாயகி ஒரு மான். ஊருக்குள் சுற்றும் புள்ளிமான் ஒன்று மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலிருந்து புறப்பட்டு, டச்சுக் குடா, பிரட்றிக் கோட்டை, உட்துறைமுகம் என்று ஒவ்வொரு இதழிலும் ஓரிடத்துக்குப் போகும். ஒவ்வோரிடத்திலும் ஒரு பொப்பாட்டு அதற்குக் கேட்கும். ஏழு இதழ் வந்தது. ஏழாவதில் மான் உட்துறைமுக வீதியில் நின்று கப்பல்களைப் பார்க்கிறது. கப்பல், பாலம், எண்ணெய்க் குதம், குன்று எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் வரைந்தோம். எங்கள் சித்திர ரீச்சர் அதைப் பார்த்து, "பிள்ளையள், இது தேசப்படம் மாதிரியெல்லோ கிடக்கு" என்று மெச்சினார்.

அந்த மெச்சுதல்தான் பிறகு பயமாயிற்று. எண்பதுகளின் நடுவில் வீடுகள் சோதனையிடப்பட்ட நாட்களில், துறைமுகத்தை வரைந்த தாள் ஒரு தமிழ் வீட்டில் இருப்பது என்ன பொருள்படும் என்று இங்கே இருக்கும் அக்காமாருக்குச் சொல்லத் தேவையில்லை. ஏழு இதழையும் எங்களில் ஒருத்தியின் வீட்டு அடுப்பில் வைத்தோம். ஒருவரும் வந்து பறிக்கவில்லை. நாங்களே கொளுத்தினோம். அதன் பிறகு எங்களில் ஒருத்தி மண்டபம் முகாமுக்குப் போனாள், ஒருத்தி கொழும்புக்கு, இருவர் இங்கேயே. நால்வரில் ஒருவரும் பிறகு படம் வரையவில்லை. கோலம் மட்டும் போட்டோம்.

போன மாதம் அந்த ஏழாவது இதழை ஞாபகத்திலிருந்து திரும்ப வரைந்து பார்ப்போம் என்று இருந்தோம். பெரிய சண்டை. மான் இடப்பக்கம் நின்றதா வலப்பக்கமா, எத்தனை கப்பல், ஒன்றுக்கும் ஒத்துவரவில்லை. அந்தப் பக்கத்தில் மானுக்குக் கேட்ட பாட்டு எது என்பதில் மட்டும் நால்வரும் ஒன்றாகச் சொன்னோம். பாடியும் பார்த்தோம். சுருதியைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

அப்புப்பன் புத்தகத்துக்குத் திரும்ப வருகிறோம். அது எங்களில் ஒருத்தியின் வீட்டில் இருந்தபோது ரொறன்ரோவிலிருந்து பேத்தி வந்தாள். பதினாறு வயது, தமிழ் கொஞ்சம்தான் தெரியும். வீட்டில் எண்பத்தேழு வயது அம்மா, ஆங்கிலம் தெரியாது. முதல் மூன்று நாளும் "சாப்பிட்டியா", "ஓம்" என்பதோடு கதை முடிந்தது. நான்காம் நாள் இருவரும் விறாந்தையில் அந்தப் புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். அம்மா விரலால் ஒரு கட்டத்தைக் காட்டி, "இவன் சரியான மடையன்" என்கிறார். பிள்ளை அடுத்த கட்டத்தைக் காட்டித் தலையாட்டுகிறாள். பிறகு ஒரு கதையின் முடிவில் இருவருக்கும் தகராறு. அம்மாவுக்கு அது சந்தோஷ முடிவு, பிள்ளைக்குத் துக்கம். ஒரு மணித்தியாலம் கையாலும் கண்ணாலும் வாதாடினார்கள். இருவருக்கும் பொதுவான பாஷை இல்லாத வீடுகள் இன்று எங்களில் எத்தனை பேரிடம் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

பிள்ளைகள் சிலர் எங்களிடம், "அன்ரி, இனிப் படத்தைக் கொம்பியூட்டரே கீறும்தானே" என்று கேட்டார்கள். அதைப் பற்றியும் அப்புப்பன் புத்தகம் போட்டிருக்கிறார். லோரன் டோடே என்ற பிரெஞ்சு விஞ்ஞானியோடு சேர்ந்து செய்த 'ட்ரீம் மெஷின்'. செயற்கை நுண்ணறிவின் கதையைக் கையால் வரைந்து சொல்கிறார்கள். அதையும் வாங்கி வைக்கிறோம், வாசித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நிர்வாகக் குழுவிடம் எங்கள் வேண்டுகோள் சின்னது. நூற்றாண்டு நிதியில் எங்கள் வகுப்பின் பங்கை நூலகத்தில் ஓர் அலுமாரிக்கு ஒதுக்கித் தாருங்கள். சித்திரக்கதைப் புத்தகங்கள், இந்தியன் மை, தூரிகை, தடித்த தாள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையைப் பரீட்சைப் பயிற்சிக்கு எடுக்காமல் விடுங்கள். சாதாரண தரப் பெறுபேறு குறையும் என்று பெற்றார் வந்தால் எங்களிடம் அனுப்புங்கள். எங்களில் ஒருத்தி கெட்டிக்காரி என்பதற்காகவே சித்திரத்தை விடச்சொல்லி உயிரியலுக்கு அனுப்பப்பட்டவள், அவள் பதில் சொல்வாள். வாத்தியக் குழுவின் களஞ்சிய அறையில் தூசு பிடித்துக் கிடக்கும் ட்ரம்ஸையும் அந்த ஒரு மணித்தியாலம் வெளியே எடுக்க விடுங்கள். சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கிறோம்.

புத்தகத்தை இப்போது அதிபரிடம் கையளிக்கிறோம். பெரியவர்களுக்காகப் போட்டது என்பதால் உயர்தர வகுப்புக்கு மட்டும் என்று ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கிறோம். மூன்றாவது கதையில் ஒரு பக்கத்தில் சிவப்புக் கறை இருக்கும். அது அச்சில் வந்தது அல்ல, அம்மாவின் வெற்றிலை. நூலகர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.