சூப்பர் கெபாசிட்டர்: பேட்டரிக்கு மாற்றா, துணையா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



பொது இன்வெர்ட்டருக்குப் புது பேட்டரி வாங்குவதா, சூப்பர் கெபாசிட்டர் வாங்குவதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. நான் வணிகவியல் படித்து வங்கியில் இருந்தவன். அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன்.

உங்கள் மின்விசிறியில் உள்ள கண்டென்சரும் கெபாசிட்டர்தான். இரண்டு உலோகத் தகடுகள். நடுவில் மின்சாரம் கடத்தாத படலம். தகட்டின் பரப்பு கூடினாலோ இடைவெளி குறைந்தாலோ கொள்ளளவு கூடும்.

சூப்பர் கெபாசிட்டரில் தகட்டின் மேல் நுண்துளைக் கரி பூசியிருக்கும். வாட்டர் ஃபில்டரில் இருக்கிறதே, அதே இனம். தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் செய்கிறார்கள். ஒரு கிராம் கரியின் உட்பரப்பு 1,000 சதுர மீட்டருக்கும் மேல். அதாவது, 1,000 சதுர அடி ஃபிளாட் பத்து!

மரக்காணம் உப்பளத்து நீரில் உப்பு அயனிகளாகப் பிரிந்திருப்பது போல, இதனுள் உள்ள திரவத்திலும் அயனிகள் உண்டு. சார்ஜ் ஏறும்போது அவை கரியை ஒட்டி அணிவகுக்கும். இடைவெளி ஏறக்குறைய ஒரு நானோமீட்டர்தான். பேட்டரியைப் போல வேதிவினையை நம்பி இது இயங்குவதில்லை. ஆகவே நொடிகளில் சார்ஜ் ஏறும். லட்சக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம்.

குறை எங்கே? விசிறி கண்டென்சர் 2.5 மைக்ரோஃபாரட் என்றால், பெரிய சூப்பர் கெபாசிட்டர் ஒன்று 3,000 ஃபாரட். ஆனால் அது தாங்குவது சுமார் 2.7 வோல்ட்தான். எனவே அதில் சேர்வது 3 வாட்-மணி. 9 வாட் எல்இடி பல்பு 20 நிமிடம் எரியும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியின் கணக்கு 1,800 வாட்-மணி. அதற்கு ஈடாக இப்படி 600 வேண்டும். சும்மா வைத்தாலும் சார்ஜ் சீக்கிரம் கசியும்.

பேட்டரி என்பது வங்கியின் ஸ்ட்ராங் ரூம். சூப்பர் கெபாசிட்டர் கேஷியரின் டிராயர்: உடனே கிடைக்கும், ஆனால் கொஞ்சம்தான் இருக்கும்.

டிராயருக்கும் வேலை உண்டு. ஷாங்காயில் 2006 முதல் நிறுத்தத்துக்கு நிறுத்தம் சார்ஜ் ஏற்றியபடி பேருந்துகள் ஓடின. கேரளத்தின் கெல்ட்ரான் நிறுவனம் 2024-இல் கண்ணூரில் சூப்பர் கெபாசிட்டர் தொழிற்சாலையே தொடங்கியது.

ஆனால் ஆரோவில், மரக்காணம் பக்கம் இருக்கும் நமக்கு 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மறந்திருக்காது. புயல் நேரத்தில் நமக்குத் தேவை மணிக்கணக்கில் வரும் மின்சாரம். அதற்கு பேட்டரிதான்.

யார் விற்க வந்தாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: "மொத்தம் எத்தனை வாட்-மணி?" பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுவோம்.