உப்பளத்துச் சோடியமும் ஒரு வரவு செலவுக் கணக்கும்

(தேசிய அறிவியல் தினத்தையொட்டி நம் நலச்சங்கக் கூட்டத்தில் பேசியது)

நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். இன்று பேசப்போவதும் வரவு செலவுக் கணக்குதான். ஆனால் இது அணுக்களின் கணக்கு.

நம் வாலிநோக்கம் உப்பளத்து உப்பில் குளோரினோடு சேர்ந்திருப்பது சோடியம். 1995-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கெட்டர்லே குழுவினர் சோடியம் ஆவியை லேசராலும் காந்தத்தாலும் பிடித்து, மைனஸ் 273 டிகிரியை ஒட்டிக் குளிர்வித்தார்கள். அணுக்களெல்லாம் சேர்ந்து ஒரே அலைபோல நடந்துகொண்டன. சத்யேந்திரநாத் போஸின் கணக்கை வைத்து ஐன்ஸ்டீன் 1925-லேயே இதைச் சொல்லியிருந்தார்.

அந்த வாயுவுக்குள் எழும் கிளர்வுகளை எப்படி அளப்பது? தெர்மாமீட்டர் வைத்தால் அந்தச் சூட்டிலேயே வாயு கெட்டுவிடும். அதனால் அதிர்வெண்ணில் மிகச் சிறிய வித்தியாசமுள்ள இரண்டு லேசர் கதிர்களைப் பாய்ச்சுகிறார்கள். அணு ஒன்றில் ஒளியை வாங்கி, மற்றொன்றில் கொடுத்துவிடும். வாங்கியதற்கும் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் வாயுவில் வரவாகி, ஓர் அலையை எழுப்பும். எந்த வித்தியாசத்தில் வாயு அதிகம் அசைகிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். 1999-இல் சோடியத்தில் இப்படி அளந்தார்கள்.

அணுக்களுக்குள் ஒட்டுதல் குறைவாக இருக்கும்வரை கணக்கு சுலபம். காந்தப் புலத்தை மாற்றி அதைக் கூட்டினால், ஒன்றைத் தொட்டால் கூட்டமே அசையும். 2008-இல் கொலராடோவில் ரூபிடியத்தை அப்படி அளந்தபோது, எளிய கோட்பாடு சொன்னதும் அளந்ததும் டேலி ஆகவில்லை. வங்கியில் டேலி ஆகாவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது. அங்கே அந்த வித்தியாசம்தான் கண்டுபிடிப்பு. அதே ஆண்டு மெல்பர்னில் லித்தியம் அணுக்களை அளந்தார்கள். அவை ஜோடியாக அசைகின்றனவா, தனித்தனியாகவா என்பது அந்தக் கணக்கிலேயே தெரிந்தது.

உள்ளே போன ஒளிக்கும் வெளியே வந்த ஒளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் கண்டது அதைத்தான். கிருஷ்ணன் பிறந்த வத்திராயிருப்பு, விருதுநகர் மாவட்டம் பிரியும்வரை நம் மாவட்டத்தோடு இருந்த ஊர். திருச்சியில் பிறந்த ராமன் 1917 வரை நிதித்துறையில் கணக்கு அதிகாரி. அவர் பெங்களூரில் தொடங்கிய ஆய்வு நிலையத்தில் இன்று அதிகுளிர் அணுக்களை ஆராய்கிறார்கள்.

பெற்றோர்களே, "நமக்கு பிசிக்ஸ் வராது" என்று பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் ஒதுங்கினால் ஒருமுறை கேளுங்கள்: உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு, மீதி எங்கே? நம் ஊர்க் கடைக்காரர் வீட்டுப் பிள்ளையும் மீனவர் வீட்டுப் பிள்ளையும் தினமும் போடும் கணக்கு அது.