மைக் செட்காரர் மகன் பேசுகிறேன்



கூட்டத் தலைவர் பேசத் தொடங்கியதும் இந்த மைக் 'கீ' என்று கத்தியது. தலைவர் அதன் மண்டையில் இரண்டு தட்டுத் தட்டினார். பெரியவர், மன்னிக்க வேண்டும். தட்டினால் அது அடங்காது, நோகும். மூலையில் நின்ற தம்பி ஓடிவந்து ஸ்பீக்கர் பெட்டியை இரண்டடி முன்னே தள்ளி, முகத்தைத் திருப்பி வைத்தார். சத்தம் நின்றது. ஸ்பீக்கரில் வந்த சத்தம் மைக்குக்குள் நுழைந்து, பெருகி, திரும்பவும் ஸ்பீக்கர் வழியே வந்து சுற்றிக்கொண்டிருந்தது; அந்தச் சுற்றை அவர் அறுத்துவிட்டார். எனக்குக் கொடுத்த தலைப்பு, 'பல்கலைக்கழகத்தில் இசைத் தொழில்நுட்பம் படித்தால் பிழைப்பு உண்டா?' என்பது. அதைப் பற்றிப் பேச இந்த அரங்கில் முதல் தகுதி அந்தத் தம்பிக்குத்தான். அவருக்கும் ஒரு சால்வை எடுத்து வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

குற்றாலத்தில் பேசுவதற்குப் பொருத்தமான தலைப்புதான். பக்கத்து மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடினார்; மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குப் பெயரே குறவஞ்சி மேடு. பாட்டுக்குப் பட்டா கிடைத்த ஊர் இது. இன்றைக்குப் பாட்டைப் படிக்கப் போனால் பட்டா கிடைக்காது. கல்விக் கடனுக்கு மாதத் தவணை கிடைக்கும்.

போன வாரம் தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டில் ஓர் அண்ணாச்சி என்னைப் பிடித்துக்கொண்டார். "எம் மவன் பிளஸ் டூ முடிச்சிட்டான். மியூசிக் டெக்னாலஜிதான் படிப்பேங்கான். இஞ்சினியரிங் சேருலேன்னா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிடுதான். அது சோறு போடுமா, சொல்லுங்க" என்றார். "போடும் அண்ணாச்சி. முதல் நாலைந்து வருஷம் நேரத்துக்குப் போடாது" என்றேன். அவருக்குப் பஸ் வந்துவிட்டது. மிச்சத்தை இங்கே சொல்கிறேன்.

என் அப்பா மைக் செட் வைத்திருந்தார். செங்கோட்டைப் பக்கம் கோயில் கொடை, கல்யாணம், சடங்கு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர்தான். இரண்டு ஆம்ப்ளிஃபையர், எட்டுக் குழாய் ஸ்பீக்கர், ஒரு பழைய சைக்கிள் வண்டி. பனையில் ஏறிக் குழாய் கட்டுவது என் வேலை. "மேடையப் பாத்துத் திருப்பாதல, பாடுதவருக்கு அவர் சத்தமே ரெண்டாவது வந்து தாளம் போயிரும்" என்று கீழே இருந்து கத்துவார். சத்தம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். நூறு மீட்டர் தள்ளியிருக்கும் குழாயிலிருந்து மேடைக்கு வந்து சேர ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விநாடி ஆகும். தாளம் தப்ப அது தாராளம். ஆறாம் வகுப்போடு நின்ற அப்பாவுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. என்ன ஆகும் என்பது மட்டும் தெரியும்.

வில்லுப்பாட்டுக்கு அவர் மைக் வைக்கிற விதம் தனி. புலவருக்கு முன்னால் ஒன்று, குடத்துக்கும் உடுக்குக்கும் நடுவில் ஒன்று. பல வருஷம் அது ஒழுங்காகவே நடந்தது. பிறகு குழாய் போய்ப் பெட்டி ஸ்பீக்கர் வந்தது. வட்டிக்கு வாங்கி நாலு பெட்டி எடுத்தார். முதல் கொடையிலேயே மானம் போயிற்று. குடக்காரர் மட்டையால் குடத்தின் வாயில் ஒரு தட்டுத் தட்டினால் 'பும்' என்று தெருவே அதிர்கிறது. புலவர் பாடுவது முன்வரிசைக்கே கேட்கவில்லை. "கதை கேக்க வந்தமா, வேட்டு கேக்க வந்தமா" என்று ஓர் ஆச்சி பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அப்பா மைக்கைக் கிட்டே வைத்தார், எட்ட வைத்தார், துண்டைச் சுற்றினார். விடிகிற நேரத்தில் பேஸ் திருகை முழுக்கக் குறைத்தார். குடம் அடங்கியது. புலவரின் குரலும் அதோடு சேர்ந்து வற்றிப்போனது.

சில வருஷம் கழித்து நான் இந்தப் படிப்பில் சேர்ந்தேன். வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு குடம் வரைந்தார். குறுகிய வாய், பெருத்த வயிறு. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆராய்ந்த சங்கதி அது. வாயில் இருக்கிற காற்று ஓர் எடைக்கல் மாதிரி, வயிற்றுக்குள் இருக்கிற காற்று ஒரு ஸ்பிரிங் மாதிரி. தட்டினால் இரண்டும் சேர்ந்து ஆடும். வாயின் அகலம், வயிற்றின் கொள்ளளவு இவற்றைப் பொறுத்து ஒரு குறிப்பிட்ட சுரத்தில்தான் முழங்கும். எனக்கு வகுப்பு மறந்துவிட்டது. செங்கோட்டைக் கொடைதான் கண்ணுக்குள் நின்றது. குழாய் ஸ்பீக்கருக்கு அவ்வளவு தாழ்ந்த சுரத்தை வெளியே விடுகிற திராணி கிடையாது. அதனால்தான் அத்தனை வருஷம் குடம் அடக்கமாக இருந்திருக்கிறது. பெட்டி வந்ததும் சொந்தக் குரலில் பேசியிருக்கிறது. பேஸ் முழுவதையும் குறைக்க வேண்டியதே இல்லை. குடம் முழங்குகிற அந்த ஒரு இடத்தை மட்டும் ஈக்வலைசரில் கொஞ்சம் இறக்கினால் போதும்.

அடுத்த ஆடிக் கொடைக்கு வந்து செய்து காட்டினேன். குடமும் கேட்டது, புலவரும் கேட்டார். அப்பா வெற்றிலையை மென்றுகொண்டே பார்த்தார். "இதுக்கா மூணு வருசம்?" என்றார். அப்புறம் தன் கணக்கு நோட்டை எடுத்து, அந்தக் குடக்காரர் பெயருக்கு நேரே நான் சொன்ன அதிர்வெண்ணை எழுதி வைத்துக்கொண்டார்.

படிப்பால் என்ன லாபம் என்று என்னைக் கேட்டால் நான் காட்டுவது அந்த நோட்டுப் பக்கத்தைத்தான். கைப்பழக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அப்பாவிடம் கற்றதை வைத்துத்தான் இன்றும் பாதி வேலை ஓடுகிறது. கருவி மாறுகிற அன்றைக்குக் கைப்பழக்கம் திகைத்து நிற்கும். காரணம் தெரிந்தவன் மறுநாள் வேலைக்குப் போவான். இந்தத் தொழிலில் கருவி மாறிக்கொண்டே இருக்கிறது.

செங்கோட்டை என்றதும் பெரியவர்களுக்கு ஒரு பெயர் ஞாபகம் வந்திருக்கும். எஸ்.ஜி. கிட்டப்பா. 1906இல் பிறந்தவர், 1933இல் 27 வயதில் போய்விட்டார். மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசை வரைக்கும் பாடிய குரல். இங்கே இருக்கிற யாரும் அவரை நேரில் கேட்டதில்லை. ஆனாலும் அவர் பாடிய 'எவரனி' நமக்குத் தெரியும். எப்படி? ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் மட்டுமே ஓடுகிற தட்டில், அவ்வளவு பெரிய குரலை எவ்வளவு தள்ளி நிறுத்த வேண்டும், மேல் ஸ்தாயிக்குப் போகும்போது எப்படிச் சமாளிக்க வேண்டும் என்று தெரிந்த ஓர் ஆள் அந்த அறையில் இருந்திருக்கிறார். தட்டில் பாடியவர் பெயர் அச்சாகும். பதித்தவர் பெயர் அச்சாவதில்லை. தம்பி தங்கைகளே, நீங்கள் படிக்கப்போவது அந்த இரண்டாவது ஆளின் படிப்பு. இதை வீட்டிலேயே தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். இசையமைப்பாளர் ஆகப்போகிறோம் என்று சேர்கிற பிள்ளைகள்தான் இரண்டாம் வருஷத்தில் உடைந்துபோகிறார்கள்.

ஒரு சோதனை செய்யலாமா? எச். ஸ்ரீதர் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் கை தூக்குங்கள். ஒன்று, இரண்டு... மூன்று. சரி. மகாநதி, தில் சே, லகான், கன்னத்தில் முத்தமிட்டால் என்று நான்கு படங்களின் ஒலிக்காகத் தேசிய விருது வாங்கிய நம் ஊர்க்காரர் அவர். ஏ.ஆர். ரஹ்மானின் பாட்டு உங்கள் காதுக்குள் வந்த வழியில் அவர் உட்கார்ந்திருந்தார். 2008 டிசம்பரில் காலமானார். மூன்று கை.

இன்னொருவர் மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர். செங்கோட்டையில் ஏறி ஆரியங்காவு, புனலூர் தாண்டினால் அஞ்சல். அதை ஒட்டிய விளக்குப்பாறையில் பிறந்த ரசூல் பூக்குட்டி, மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளை. புனே திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு படித்தார். 2009இல் ஸ்லம்டாக் மில்லியனர் படத்தின் ஒலிக்கலவைக்காக மற்ற இருவரோடு ஆஸ்கர் மேடை ஏறினார். கல்லூரி போனால் எல்லோருக்கும் ஆஸ்கர் என்று சொல்ல இதைச் சொல்லவில்லை. புனே அரசாங்கக் கல்லூரி என்பதற்காகச் சொல்கிறேன். நம் தரமணியிலும் அப்படி ஒன்று, அரசுத் திரைப்படக் கல்லூரி, இருக்கிறது. அங்கே ஒலிப்பதிவுக்குத் தனிப் பட்டப்படிப்பு உண்டு. இடம் குறைவு, கட்டணமும் குறைவு. ரஹ்மான் 2008இல் சென்னையில் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கினார். தான் வீட்டுக்குப் பின்னால் ஸ்டூடியோ போட்டு வேலை தொடங்கியவர், அடுத்தவருக்கு என்று வரும்போது பள்ளிக்கூடம்தான் கட்டினார். அதையும் யோசித்துப் பாருங்கள்.

எல்லாப் படிப்பும் ஒன்றல்ல. ஒரு மென்பொருளை ஆறு மாதம் சொல்லிக்கொடுத்துவிட்டு லட்சக்கணக்கில் வாங்குகிற இடங்கள் நிறைய. அந்த மென்பொருள் நீங்கள் கடன் அடைத்து முடிப்பதற்குள் மாறிவிடும். இதற்கு நேர்மாறாக, ஜெர்மனியில் டெட்மோல்டு நகரத்தில் 1949இல் 'டோன்மைஸ்டர்' என்று ஒரு படிப்பைத் தொடங்கினார்கள். 1970இல் இங்கிலாந்தில் சர்ரே பல்கலைக்கழகம் அதே பெயரில் ஒரு படிப்பைத் தொடங்கியது. அங்கே நுழைய ஒரு வாத்தியம் நன்றாக வாசிக்கவும் தெரிய வேண்டும், கணக்கும் பௌதிகமும் வர வேண்டும்; படிப்பின் நடுவே ஒரு வருஷம் வெளியே வேலைக்கு அனுப்புகிறார்கள். நீங்கள் பார்க்கப் போகிற கல்லூரியை இந்தக் கண்ணால் பாருங்கள். பௌதிகம் உண்டா? இசை சொல்லித்தருகிறார்களா? மைக்கை மாணவன் கையில் கொடுக்கிறார்களா, கண்ணாடி அலமாரியில் பூட்டிக் காட்டுகிறார்களா? மூன்று வருஷத்துக்கு முன் முடித்த பையன் நம்பரைக் கேட்டு வாங்கிப் பேசுங்கள். நம்பர் தர மறுத்தால் அடுத்த பஸ்ஸில் ஊருக்கு வந்துவிடுங்கள். வீட்டை அடகு வைத்துப் படிக்கிற படிப்பல்ல இது. அந்த நிலைமை என்றால் இங்கேயே பௌதிகமோ எலெக்ட்ரானிக்ஸோ படித்துக்கொண்டு, ஒரு பாட்டு வாத்தியாரிடம் போய் உட்கார்வது மேல்.

என் கதையையும் மறைக்க வேண்டாம். சென்னையில் முதலில் சேர்ந்த ஸ்டூடியோவில் எட்டு மாதம் வயர் சுருட்டினேன். சம்பளம் இல்லை, சாப்பாடு உண்டு. பிறகு ஒரு படத்துக்கு இரண்டு மாதம் ராப்பகலாக உழைத்ததற்குக் கொடுத்த காசோலை வங்கியிலிருந்து திரும்பி வந்தது. யார் என்று சொல்ல மாட்டேன். அந்தக் காசோலையை வைத்திருக்கிறேன். அந்தச் சமயத்தில் வாடகை கொடுத்தது சினிமா இல்லை, கல்யாண மண்டபம். இன்றும் சொல்கிறேன், சினிமா இந்தத் தொழிலில் ஒரு தெரு மட்டுமே. மண்டபங்களில் எதிரொலியை அடக்க ஆள் வேண்டும், கச்சேரிக்கு ஆள் வேண்டும், விளையாட்டுச் செயலிகளுக்கும் ஒலிப்புத்தகங்களுக்கும் ஆள் வேண்டும். பெங்களூரு ஜி. ராஜ்நாராயண் விமானத் தொழிற்சாலைப் பொறியாளராக இருந்தவர், புல்லாங்குழலும் வாசிப்பார். 1970களின் கடைசியில் மின்னணுச் சுருதிப்பெட்டியில் தொடங்கினார். அவருடைய ராடெல் தம்புரா பல பாட்டு வாத்தியார் வீடுகளுக்குப் போயிருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் ஹேமா மூர்த்தி குழுவினர் பார்சிலோனாவில் உள்ள பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, கர்நாடக ராகத்தைக் கணினி எப்படி அடையாளம் காணும் என்று ஆராய்ந்தார்கள். இதெல்லாம் இசைத் தொழில்நுட்பம்தான். கோடம்பாக்கம் பஸ்ஸில் ஏறாமலே போகலாம்.

பெண் பிள்ளைகளின் அப்பாக்கள் 'ராத்திரி வேலையாச்சே' என்று தயங்குகிறீர்கள். ராத்திரி வேலை உண்டு, பொய் சொல்ல மாட்டேன். நர்ஸ் வேலையிலும் உண்டு.

கடைசியாக, எல்லோரும் கேட்கிற ஏ.ஐ. 2024இல் லால் சலாம் படத்தில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ரஹ்மான் ஏ.ஐ. மூலம் பாட வைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். போனவர்கள் பாடுகிறார்கள் என்றால் இருக்கிறவர்களுக்கு வேலை ஏது என்று பயம். பயத்தில் நியாயம் இருக்கிறது. நான் இரண்டு ராத்திரி உட்கார்ந்து சுத்தம் செய்த இரைச்சலை இன்று மென்பொருள் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுகிறது. கவலை அதில் இல்லை. அந்த இரண்டு ராத்திரியில்தான் என் காது பழகியது. புதிதாக வருகிற பிள்ளைக்கு அந்த ராத்திரிகள் கிடைக்காது. தொழிலின் கீழ்ப்படி உடைந்துவிட்டது. கல்லூரி அந்தப் படியாக இருந்தால் கட்டணம் கட்டுங்கள். அங்கேயும் பட்டனை அழுத்தத்தான் சொல்லித்தருவார்கள் என்றால் எதற்குப் போக வேண்டும்?

காதைப் பழக்க ஓசியில் ஒரு வழி சொல்கிறேன். நாளைக் காலையில் கூட்டம் வருவதற்கு முன் மெயினருவிக்குப் போய், போனில் அருவிச் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். வீட்டில் கேட்டால் அருவி இருக்காது. வாணலியில் அப்பளம் பொரிகிற சத்தம் இருக்கும். அத்தனை அதிர்வெண்ணும் ஒன்றாகக் கொட்டும்போது மைக்குக்கு அடையாளம் தெரிவதில்லை. கொஞ்சம் விலகி, பாறையில் தெறிக்கிற ஒரு சிறு தாரைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திரும்பத் திரும்ப இடம் மாற்றுங்கள். பத்தாவது நாளும் அலுக்காமல் போகிற பிள்ளையை அப்பாமார்கள் தடுக்காதீர்கள். இரண்டாம் நாளே அலுத்தால் இஞ்சினியரிங் சேர்த்துவிடுங்கள். அதற்கும் அலுக்கும், அது வேறு கதை.

தலைவர் மணியைப் பார்க்கிறார். கூட்டம் முடிந்ததும் என்னோடு படம் எடுத்துக்கொள்ள வராதீர்கள். தம்பி வயரைச் சுருட்டத் தொடங்குவார். முழங்கையில் சுற்றாமல், ஒரு சுற்று மேலே ஒரு சுற்று உள்ளே என்று மாற்றி மாற்றிப் போடுகிறார், வரும்போதே பார்த்தேன். அப்படிச் சுற்றினால்தான் உள்ளே கம்பி முறுக்காது. இரண்டு பேர் போய்க் கூட நின்று கேளுங்கள், சொல்லித்தருவார்.