வாக்குமூலத்தில் இருப்பது யாருடைய பேச்சு?



கணிதமும் கணனியும் படித்து இன்று பட்டம் பெறும் உங்களிடம் மொழியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம் ஒரு வழக்கு.

1993 ஜூலை 16ஆம் திகதி, மட்டக்களப்புப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அதிகாலைச் சுற்றிவளைப்பு. பிடிபட்டவர்களில் நல்லரட்ணம் சிங்கராசா ஒருவர். ஆனையிறவு உட்பட நான்கு இராணுவ முகாம்களைத் தாக்கிய சதியில் பங்கெடுத்தார் என்று அவர்மேல் குற்றச்சாட்டு. அதற்கு இருந்த ஆதாரம் ஒரேயொரு குற்ற ஒப்புதல் வாக்குமூலம். அது சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அவருக்கோ சிங்களம் தெரியாது. விசாரித்த பொலிஸ்காரரே மொழிபெயர்த்தார், அவரே தட்டச்சும் செய்தார். கையொப்பம் வைக்க மறுத்தபோது பெருவிரலைப் பிடித்து அழுத்தினார்கள் என்பது சிங்கராசாவின் முறைப்பாடு. சாதாரண சட்டத்தில் பொலிசுக்குக் கொடுத்த ஒப்புதல் செல்லாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்திலோ உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்தில் ஒருவர் பதிந்தால் போதும், அது செல்லும். வற்புறுத்தி வாங்கியது என்று நிரூபிப்பதும் எதிரியின் தலையில்தான். 1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் கொடுத்தது 50 வருடம். 1999இல் மேன்முறையீட்டில் அது 35 ஆனது. இப்படிப் பெற்ற ஒப்புதலை மட்டும் நம்பித் தண்டித்தது நீதியான விசாரணை அல்ல என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல் சொன்னது. நம் உயர் நீதிமன்றம் 2006இல் அதை ஏற்கவில்லை.

இந்த வழக்கைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு வருகிற கேள்வி ஒன்று. அந்தத் தாளில் இருந்தது யாருடைய பேச்சு? அதை ஒரு மொழியியலாளர் சோதித்துப் பார்த்திருக்க முடியுமா?

இங்கிலாந்தில் பார்த்திருக்கிறார்கள். 19 வயது டெரெக் பென்ட்லி 1953 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய வாக்குமூலத்தை, கேள்வி ஏதும் கேட்காமல் அவர் தாமாகவே சொல்ல, தாங்கள் எழுதிக்கொண்டதாகப் பொலிசார் சாட்சி சொன்னார்கள். மால்கம் குல்தார்ட் என்ற பேராசிரியர் பல பத்தாண்டுகள் கழித்து அதில் ‘அப்போது’ என்ற பொருள்படும் சின்னச் சொல்லை எண்ணினார். 58 சொல்லுக்கு ஒருமுறை வந்தது. சாதாரண சாட்சிகளின் வாக்குமூலங்களில் 930 சொல்லுக்கு ஒருமுறை. பொலிசார் எழுதியவற்றில் 78க்கு ஒருமுறை. கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. 1998இல் பென்ட்லியின் தீர்ப்பு ரத்தானது. ஆனால் அதற்கு முக்கிய காரணம் அன்றைய நீதிபதி ஜூரிகளுக்குச் சொன்ன தொகுப்புரையின் குறைபாடு. மொழியியல்தான் அவரை மீட்டது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

அந்த எண்ணிக்கை சாத்தியமானதற்கு ஒரே காரணம், ஒப்பிட்டுப் பார்க்க வேறு வாக்குமூலங்கள் கையில் இருந்ததுதான். நம்மிடம் என்ன இருக்கிறது? முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக்கும் ஒருவர், “நான் கரையில நிண்டனான், அவையள் வள்ளத்தில வந்தவை” என்பார். அதே ஆள் பொலிஸ் தாளில், “மேற்படி நபர்கள் படகொன்றில் அவ்விடத்திற்கு வருகை தந்ததை அவதானித்தேன்” என்று பேசுகிறார். இதை வைத்துப் பொலிசார் பொய் எழுதினார்கள் என்று சொல்லிவிட முடியாது. தமிழில் எழுத்து வேறு, பேச்சு வேறு. நேர்மையான எழுதுநரும் அப்படித்தான் எழுதுவார். எந்த இடத்தில் எழுதுநரின் நடை முடிந்து அவரது சொந்தச் சரக்கு தொடங்குகிறது என்று காட்ட, பேச்சின் ஒலிப்பதிவும் அதிலிருந்து எழுதிய தாளும் நூற்றுக்கணக்கில் அருகருகே வேண்டும். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு நிபுணரின் அபிப்பிராயத்துக்கு இடம் கொடுக்கிறது. ஆனால் நிபுணர் வெறுங்கையோடு கூண்டில் ஏறினால் குறுக்கு விசாரணையில் பத்து நிமிடம் தாக்குப்பிடிக்கமாட்டார்.

வன்னியில் இன்னொரு சிக்கலும் உண்டு. புகலிடம் கேட்பவர் எந்த ஊரவர் என்று பேச்சை வைத்துத் தீர்மானிக்கும் வழக்கம் ஐரோப்பாவில் இருக்கிறது. கிளிநொச்சி பாரதிபுரத்தில் ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மம்மா 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்தவர். தகப்பன் 1995 இடப்பெயர்வில் வலிகாமத்திலிருந்து வந்தவர். பிள்ளை வீட்டுக்குள் “வாங்க, சாப்பிட்டீங்களா” என்னும். படலையடியில் “வாங்கோ, சாப்பிட்டியளோ” என்னும். லண்டனில் ஒலிப்பதிவைக் கேட்கும் ஆய்வாளர் இந்தப் பிள்ளையை எந்த ஊருக்கு அனுப்புவார்? பேச்சு காட்டுவது ஒருவர் வளர்ந்த சூழலைத்தான், குடியுரிமையை அல்ல என்று மொழியியலாளர்கள் குழுவொன்று 2004இலேயே வழிகாட்டல் எழுதியது. சோமாலியர் வழக்கொன்றில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2014இல், இத்தகைய அறிக்கை ஒவ்வொன்றையும் அதனதன் தகுதியில் எடைபோடவேண்டும் என்றது. எடைபோடப் படிக்கல் வேண்டுமே! வன்னியின் பேச்சை ஊர்வாரியாக, தலைமுறைவாரியாகப் பதிந்த தொகுப்புத்தான் அந்தப் படிக்கல். அதை உருவாக்க மொழி தெரிந்தவரும் வேண்டும், நிரல் எழுதத் தெரிந்தவரும் வேண்டும். பின்னவர்கள் இந்த மண்டபத்தில் அங்கி போட்டு அமர்ந்திருக்கிறீர்கள்.

தொடங்குபவர்களுக்கு ஒரு வேலைக் குறிப்பு. இந்த மண்ணில் ஒலிப்பதிவுக் கருவியையும் வெற்றுப் படிவத்தையும் கண்டாலே முகம் மாறுகிறவர்கள் அதிகம். காரணம் நீங்கள் அறிந்ததே. ஆகவே சம்மதப் படிவத்தை அவர்கள் பேசும் தமிழிலேயே எழுதுங்கள். வாசித்துக் காட்டுங்கள். ஒரு பிரதியை அவர்கள் கையில் கொடுங்கள். நாளைக்கு மனம் மாறினால் அழிக்கச் சொல்ல ஒரு தொலைபேசி இலக்கமும் அதில் இருக்கட்டும்.