ஜாமீன் கிடைத்தும் சிறையில் ஏன்?

(தியாகராய நகரில் வணிகர்கள், இளைஞர்கள் மத்தியில் ஆற்றிய உரை)



சிறைகள் நிரம்பி வழிகின்றன என்றதும், நாட்டில் குற்றம் பெருகிவிட்டது என்று நினைக்கிறோம். கணக்கைப் பாருங்கள். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் 100 பேருக்கான இடத்தில் 131 பேர் இருந்தார்கள். அவர்களில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். அதாவது, குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்காதவர்கள்!

தமிழகச் சிறைகளில் மொத்தத்தில் அவ்வளவு நெரிசல் இல்லை. ஆனால் 1982-ல் வந்த குண்டர் சட்டம் இருக்கிறது. வழக்கு விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம். 2022 கணக்கில் இத்தகைய தடுப்புக் காவல் கைதிகள் அதிகம் இருந்த மாநிலம் தமிழ்நாடுதான்.

அடுத்தது தாமதம். கோவை குண்டுவெடிப்பு வழக்கில் 1998-ல் கைதான அப்துல் நாசர் மதானி, 2007 ஆகஸ்டில் குற்றமற்றவர் என விடுதலையானார். இடையில் ஒன்பது ஆண்டுகள் ஜாமீன் இல்லை. அந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவது?

மூன்றாவது காரணம் நம் கைக்கு எட்டியது. ஜாமீன் உத்தரவு வந்தும், ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே கிடப்பவர்கள் உண்டு. ஏழைகளைச் சொந்தப் பிணையில் விடலாம் என்று ஹுசைனாரா காத்தூன் வழக்கில் 1979-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜாமீன் கிடைத்து ஒரு மாதமாகியும் பிணை கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே பரிசீலிக்கலாம் என்று 2023-ல் கூறியது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சட்டப்படி, முதல்முறை சிக்கியவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் உள்ளே இருந்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், வேறு வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது.

சட்டம் இருக்கிறது, எடுத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை!

வணிகப் பெருமக்களே! உஸ்மான் சாலையிலும் பாண்டி பஜாரிலும் நம் கடைகளில் உழைக்கும் பையன் சிறு வழக்கில் சிக்கினால் கைகழுவி விடாதீர்கள். அவன் வாய்தாவுக்கு வராவிட்டால் ஜாமீன்தாரர் பணம் கட்ட நேரிடும் என்பது உண்மைதான். அதனால்தான், அவனைப் பல ஆண்டுகள் அறிந்த நீங்கள் முன்வர வேண்டும்.

இளைஞர்களே! உங்கள் தெருவில் யார் கைதானாலும், எந்த மதத்தவரானாலும், முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்குங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கேட்டு மனுக் கொடுங்கள். சைதாப்பேட்டை நீதிமன்றம் இங்கிருந்து தூரமில்லை. மாதம் ஒரு நாள் ஒதுக்கினாலும் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரியும்.