மார்க் பிராட்ஃபோர்டின் தாள்கள்



இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பவர் கறுப்பின அமெரிக்க ஓவியர் மார்க் பிராட்ஃபோர்ட். ஓவியர் என்கிறோம், ஆனால் அவருடைய பெரிய படைப்புகளில் நிறம் பெரும்பாலும் தாளிலிருந்தே வருகிறது.

1961-ல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர். தாயாரின் சிகையலங்கார நிலையத்தில் வேலை பார்த்தவர். கலைக் கல்லூரியில் சேர்ந்தபோது வயது முப்பது. தாள் அவருக்குக் கிடைத்தது அந்த நிலையத்தில்தான். முடியைச் சுருட்டும்போது நுனி மடங்காதிருக்க ஒரு சிறு மெல்லிய தாளைச் சுற்றுவார்கள். மிக மலிவானது, ஒளி புகக்கூடியது. அதன் விளிம்பைத் தீயில் கருக்கி, ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி வரிசை வரிசையாகக் கித்தானில் ஒட்டினார். கருகிய விளிம்புகளே கோடுகளாயின. தன் இனத்துப் பெண்களின் அன்றாட உழைப்பு படிந்த பொருள், உருவம் எதையும் வரையாமலேயே அங்கு பேசியது. 2001-ல் ஹார்லெம் ஸ்டூடியோ அருங்காட்சியகம் நடத்திய ‘ஃப்ரீஸ்டைல்’ கண்காட்சிக்குப் பிறகு கலையுலகம் அவரைக் கவனிக்கத் தொடங்கியது.

அடுத்து வந்தவை தெருச் சுவரொட்டிகள். 1992 லாஸ் ஏஞ்சலிஸ் கலவரத்தில் கடைகள் எரிந்துபோன காலி மனைகளைச் சுற்றி வேலி எழுந்தது. வேலி முழுக்க விளம்பரம்: உடனடிக் கடன், வீட்டை ரொக்கத்துக்கு வாங்கிக்கொள்கிறோம், தந்தை யாரென அறிய மரபணுச் சோதனை. ஓர் ஏழைப் பகுதியின் நெருக்கடி முழுவதும் அதில் அச்சாகியிருந்தது. அவற்றை உரித்து வந்து அடுக்கடுக்காக ஒட்டினார். நடுவே கயிறு பதித்தார். பிறகு சாண்டர் எந்திரத்தால் தேய்த்தார். அடியில் புதைந்த எழுத்து பாதி மேலே வரும், பாதி வராது.

இந்த முறையின் உச்சம் என்று நான் கருதுவது, 2017-ல் வாஷிங்டனின் ஹிர்ஷ்ஹார்ன் அருங்காட்சியகத்துக்காக அவர் செய்த ‘பிக்கெட்ஸ் சார்ஜ்’. எட்டுப் படைப்புகள், மொத்த நீளம் ஏறத்தாழ 400 அடி. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863 ஜூலை 3 அன்று கெட்டிஸ்பர்க்கில், அடிமை முறையைக் காக்க நின்ற தென்மாநிலப் படையினர் சுமார் 12,500 பேர் திறந்த வயல்வெளியில் முன்னேறி, பாதிப்பேரை இழந்து தோற்றார்கள்; அந்தத் தாக்குதலின் பெயரே படைப்பின் பெயர். அந்தத் தோல்வியைப் பிரெஞ்சு ஓவியர் பால் ஃபிலிப்போதோ 1880-களில் வட்டச் சுவர் ஓவியமாகத் தீட்டினார். தோற்றவர்களின் வீரத்தைப் பிற்காலம் ஏக்கத்தோடு நினைக்க இத்தகைய படங்களும் துணைபோயின.

பிராட்ஃபோர்ட் ஃபிலிப்போதோ ஓவியத்தின் படங்களைப் பெரிதாக அச்சிட்டு, மேலும் கீழும் வண்ணத் தாள் ஒட்டி, கயிற்றை இழுத்துக் கிழித்தார். ‘செத்த குதிரை’ என்றே ஒரு பகுதிக்குப் பெயர். அருகில் போனால் அச்சுப் புள்ளிகள் தெரிகின்றன. பக்கத்திலேயே நார்நாராகத் தொங்கும் தாள். ஏக்கம் கொள்ள முழு உருவம் ஒன்றும் மிச்சமில்லை. கொடிபிடித்து எதிர்க்கும் ஓவியத்தைவிட இது கடுமையான எதிர்ப்பு என்பது என் துணிபு.

ஃபிலிப்போதோவின் ஓவியத்தில் நடுவில் நின்றால் போர்க்களம் முழுவதும் நம்மைச் சூழ்ந்துகொள்ளும். ஹிர்ஷ்ஹார்னின் வளைந்த கூடத்தில் அந்த வசதி இல்லை. சுவரையொட்டி நடந்தே ஆக வேண்டும்; எட்டும் ஒருசேரக் கண்ணில் படுவதில்லை.