பிரசங்கம் வரவில்லை, பயிற்சி வந்தது



1892 மார்ச் 11. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், பொதுமக்கள் பார்க்க முதன்முதலாகக் கூடைப்பந்து ஆடுகிறார்கள். மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் போட்டி. யேல் பல்கலைக்கழகத்தின் நீலச் சீருடையில் ஓர் ஆசிரியர் எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுகிறார். ஃபவுலுக்கு மேல் ஃபவுல். ஆட்டம் 5-1 என்று மாணவர்கள் பக்கம் போனது. ஆசிரியர்களின் அந்த ஒரே புள்ளியை எடுத்தவரும் அவரேதான். பெயர் அமோஸ் அலோன்சோ ஸ்டாக்.

போதகராக வேண்டும் என்றுதான் ஸ்டாக் யேலுக்குப் போனார். ஆனால் மேடையேறிப் பேச நா எழவில்லை. இளைஞர்களை நல்வழிப்படுத்த மைதானம் போதும் என்று முடிவு செய்தார். யேலில் அவருக்குப் பாடம் நடத்திய வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், புதிதாகத் தொடங்கிய சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவரானார். பழைய மாணவரைக் கூப்பிட்டு, உடற்கல்வித் துறையை ஒப்படைத்தார். மற்றப் பேராசிரியர்களுக்கு இணையான நிரந்தரப் பதவியும் தந்தார். பயிற்சியாளர் என்றால் ஒரு பருவத்துக்குக் கூலிக்கு வருபவர் என்றிருந்த காலம் அது. ஸ்டாக்கின் எந்த வெற்றியையும்விட இந்த நியமனத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். விளையாட்டைச் சொல்லித் தருபவரும் வாத்தியார்தான் என்று ஒரு பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது, சாதாரண விஷயமா?

முதல் ஆண்டில் ஆள் போதாமல் அவரே களத்தில் இறங்கி ஆடினார். முட்டை வடிவப் பந்தோடு ஆடும் அமெரிக்கக் கால்பந்துதான் அவருடைய உயிர். அதோடு பேஸ்பால், தடகளம் என்று பலவற்றையும் ஆண்டுக்கணக்கில் கவனித்தார். ஒரு பருவம் கூடைப்பந்து அணியையும் நடத்தினார். புகை, மது இரண்டும் கிடையாது. கெட்ட வார்த்தை வாயில் வராது. கோபம் மிஞ்சினால் ‘கழுதை’ என்பார். அதற்கும் மேலே போனால் ‘இரட்டைக் கழுதை’ என்பாராம்.

 

41 பருவங்களுக்குப் பிறகு, எழுபது வயதாகிவிட்டது, பயிற்சி போதும் என்றது சிகாகோ. கௌரவப் பதவி ஒன்றைத் தர முன்வந்தார்கள். ஸ்டாக் அதை ஏற்கவில்லை. மனைவி ஸ்டெல்லாவோடு கலிஃபோர்னியா போய், பசிபிக் கல்லூரி அணியைக் கையில் எடுத்தார். 1943இல், 81 வயதில், ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் என்று சக பயிற்சியாளர்களே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கிருந்து பென்சில்வேனியா போய், மகனோடு சேர்ந்து இன்னொரு கல்லூரி அணிக்குப் பயிற்சி தந்தார்.

1959இல் கூடைப்பந்துப் புகழ் மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டபோதும் அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. மறுபடி கலிஃபோர்னியா திரும்பி, ஸ்டாக்டன் நகரக் கல்லூரி ஒன்றில் பையன்களுக்குப் பந்தை உதைக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டுதான் ஓய்வு பெற்றார். அப்போது வயது 98.